இடப்பக்கம் என்றவள்

நம் நகரில் காலை நடைக்கு வருகிற உங்கள் எல்லாருக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

போன மாதம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நம் சங்கச் செயலாளர்தான் பேச்சை எடுத்தார். "இந்த நாலு சிமெண்டு ரோட்டையே சுத்திக்கினு இருந்தா முட்டிதான் தேயும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கல்வராயன் மலையில நல்ல தடமா பாத்து நடக்கலாம். ஃபாரஸ்ட்ல பர்மிஷன் நான் வாங்கறேன். எந்தத் தடம்னு மேடம் சொல்லட்டும். அவங்க அந்த மலையடியில வளர்ந்தவங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு வாட்ஸப்பில் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூன்று முறையும் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள். நம்மில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் செய்த ஒன்றை நினைத்து, தனியாக இருக்கும்போது முகம் சுடுவது உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. மலையடியில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அப்பா தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். பின்கட்டு ஜன்னலைத் திறந்தால் மலைதான். வெயில் நாளில் நீலமாகத் தள்ளிப்போய் நிற்கும். மழை பெய்து ஓய்ந்தால் கிட்டே வந்துவிடும், ஒவ்வொரு மரமாக எண்ணலாம் போல.

மலையூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி இருந்தது. அதிலிருந்து என் வகுப்புக்கு வந்த பெண் ஒருத்திதான். மலைக்காரப் பொண்ணு என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் பெயரை வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் கேட்போம். கணக்கில் அவள்தான் முதல், நான் இரண்டாவது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றிலும் முதலாக இருக்கத் தலைமையாசிரியர் மகளுக்கு வழி இருந்தது. கொடியேற்றும்போது கயிறு பிடிப்பது, வரிசைக்கு முன்னால் நிற்பது எல்லாம் நான்.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் புது ட்ரில் மாஸ்டர் ஒரு ஏற்பாடு செய்தார். தீபாவளிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினைந்து பிள்ளைகளை மலைமேல் இருக்கிற ஒரு ஊர் வரை நடத்திக் கூட்டிப்போவது. போக மூன்று தடங்கள் இருந்தன. சுற்றிச் சுற்றிப் போகிற வண்டித்தடம். மலை முதுகின்மேல் ஏறுகிற மேட்டுத்தடம். ஓடையை ஒட்டியும் ஓடைக்குள்ளேயும் போகிற ஓடைத்தடம். எது பிள்ளைகளுக்குத் தோது என்று பார்த்து எழுதும் வேலையை அவர் இரண்டு பேருக்குக் கொடுத்தார். பார்க்க அந்த மலைப் பெண். எழுத நான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று பேரும் கிளம்புவோம். எனக்கு அப்பா கள்ளக்குறிச்சியில் புது கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் நாளே குதிகாலைக் கடித்துவிட்டது. அவள் வெறுங்காலோடு முன்னால் நடப்பாள். கடுக்காய் உதிர்ந்து கிடக்கிற இடத்தில் கால் வைத்தால் எனக்கு வழுக்கும். அவள் அதை ஒதுக்கிவிட்டு, நான் வரும்வரை நிற்பாள். எதையோ கிள்ளிக் கொடுத்து, "மோந்து பாரு" என்பாள். எலுமிச்சை வாசம் அடிக்கிற புல். உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே நடப்பேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போதும் விரலில் அந்த வாசம் இருக்கும்.

மேட்டுத்தடத்தில் போன சனிக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. பாதி ஏற்றத்தில் ட்ரில் மாஸ்டர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு பாறைமேல் ஏறி நின்று, கீழே தெரிந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அதோ தண்ணி மின்னுது பாரு, அது அணை. அந்தாண்ட சங்கராபுரம். இன்னம் தள்ளி மொட்டையா தெரியுதே, அது தியாகதுருகம் மலை." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் பச்சையும் புகையுமாக இருந்தது. "தெரியுதா?" என்றாள். "தெரியுது" என்றேன்.

நோட்டில் எழுதியதெல்லாம் அவள் சொன்னதுதான். எந்த இடத்தில் நிழல் ஜாஸ்தி, எந்த இடத்தில் தண்ணீர் கம்மி, எந்தப் பாறையில் பாசி. எழுதும்போது 'நான் பார்த்தது' என்று தொடங்கினேன். ட்ரில் மாஸ்டர் அப்பாவிடம் நோட்டைக் காட்டிப் பாராட்டினார். அப்பா அதைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தார். அவள் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை.

ஆனால் கூட நடக்கிற பிள்ளைகளுக்கு யார் வழி தெரிந்தவள் என்பது தெரிந்துவிட்டது. ஒத்திகைக்காக எல்லாரையும் வண்டித்தடத்தில் கொஞ்ச தூரம் கூட்டிப்போனபோது, சின்னப் பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பள்ளிக்கூடக் கிளார்க்கின் மகள், ஆறாம் வகுப்பு, எப்போதும் என் பின்னாலேயே சுற்றுகிறவள், அவளும் போய் ஒட்டிக்கொண்டாள். என்னைத் தாண்டி, எனக்கு முன்னால், பதின்மூன்று பேர் அவளுக்குப் பின்னால் போனார்கள். ஷூ கடிக்கிறது என்று சொல்லி நான் நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், இதற்காகத்தான்.

மூன்று தடங்களில் மேட்டுத்தடம்தான் என்று முடிவானது. ஓடைத்தடம் கிட்டம், ஆனால் ஐப்பசியில் ஆகாது என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கீழே வெயில் அடித்தது. ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறு. அம்மா எனக்கு மட்டும் ஒரு சிவப்புக் குடையும் கொடுத்தனுப்பினாள். மலை ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் முன்னும் பின்னுமாகச் சிதறிவிட்டார்கள். ஒரு பையனுக்குக் காலில் முள் ஏறி, ட்ரில் மாஸ்டர் பின்னால் தங்கிவிட்டார். நானும் அவளும் முன்னால் இருந்தோம். அவளை முந்த வேண்டும் என்றே வேகமாக நடந்து, மேட்டுத்தடமும் ஓடைத்தடமும் பிரிகிற இடத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம். மற்றவர்களின் பேச்சுக் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை.

அவள் வலப்பக்கம் திரும்பினாள். நான் இடப்பக்கம் திரும்பினேன்.

"அது ஓடைக்குப் போவுது" என்றாள்.

"தெரியும். கிட்டம். சீக்கிரம் போயிடலாம்."

அவள் அண்ணாந்து மேல்மலையைப் பார்த்தாள். அங்கே மட்டும் கறுத்திருந்தது. "மேல மழை பேஞ்சிக்கினு இருக்குது. தண்ணி வரும். வேணாம்."

"இங்கே சொட்டு மழை இல்லே. ஓடையில தண்ணி எங்கேருந்து வரும்?"

"மேலேருந்துதான் வரும்" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். எனக்கு அது கேலியாகப் பட்டது.

"நோட்டு என்கிட்டதான் இருக்கு. நான் சொல்றதுதான் வழி" என்று சொல்லிவிட்டு நான் இடப்பக்கம் இறங்கினேன். அதற்குள் கிளார்க் மகளும் இன்னும் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். நாங்கள் பேசியது அவர்கள் காதில் விழவில்லை, என் குடையைப் பார்த்து என் பின்னால் இறங்கினார்கள். அவள் கொஞ்ச நேரம் மேலேயே நின்றாள். பிறகு இறங்கி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். இன்றைக்கு யோசிக்கிறேன், அவள் நின்று ட்ரில் மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். எங்களைத் தனியாக விடக்கூடாது என்று வந்தாள்.

ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். பளிங்கு மாதிரி இருந்தது. பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவினார்கள். நான் ஜெயித்தவள் மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று, "கலங்குது, ஏறுங்க" என்றாள். தண்ணீரில் சருகும் குச்சியும் மிதந்து வந்தன. பிறகு தூரத்தில் லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம்.

நான் ஏறிவிட்டேன். கிட்டே கரை இருந்தது, ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. கரைமேல் நின்று பார்த்தபோது, என் பின்னால் வந்த பிள்ளைகளை அவள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தூக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். கிளார்க் மகளின் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. செந்தண்ணி அவள் இடுப்புக்கு வந்தது. அவள் கத்தியது எனக்குக் கேட்டது. அப்புறம் கத்தல் நின்றது. மலைப் பெண் ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். கால் வெளியே வந்தபோது முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கிளார்க் மகளுக்கு நினைவில்லை. என் சிவப்புக் குடை தண்ணீரில் விரிந்தபடியே போயிற்று. அந்த நேரத்தில் நான் குடைக்காக அழுதேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அவள்தான் மேட்டில் ஏறி ஓடி, மேலே இருந்த தன் ஊர் ஆட்களைக் கூட்டி வந்தாள். அவள் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கம்பளியில் தூளி கட்டி, கிளார்க் மகளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல். அப்பா கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "மேட்டுத்தடம்னு தானே எழுதியிருந்தே. யாரும்மா ஓடைப் பக்கம் திரும்பச் சொன்னது?"

அவர் அதட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அம்மா என் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். துணி சில்லென்று இருந்தது. "அவதாம்ப்பா" என்றேன். "அவதான் இடப்பக்கம்னு சொன்னா."

மறுநாள் ட்ரில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"சார், அந்தப் புள்ள அப்படிச் சொல்லியிருக்காது சார். ஓடை ஆகாதுன்னு முதல் வாரமே சொன்னது அவதான்."

"அப்போ என் பொண்ணு பொய் சொல்றாளா?"

 ட்ரில் மாஸ்டர் வேலைக்கு வந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று அப்பா கேட்டார். "இல்ல சார்." "பின்னே?" அவ்வளவுதான். செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

அப்பா கெட்டவர் இல்லை. நியாயமாக நடப்பவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். ஆனால் அந்த விஷயத்தில் அவர் என்னை மட்டும்தான் கேட்டார். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. "கிளார்க் போலீசுக்குப் போறேன்னு நின்னார். நான்தான் வேணாம்னு டி.சி.யோட விட்டேன்" என்று பிற்காலத்தில் உறவுக்காரர்களிடம் இதைத் தன் பெருந்தன்மையாகச் சொல்வார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

டி.சி. வாங்க வந்த அன்று அவள் அப்பா பள்ளிக்கூட வராந்தாவில் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "மன்னிச்சிக்கணும் சாமி. புத்தி கெட்ட புள்ள, தெரியாம காட்டிருச்சி" என்று நாலைந்து தரம் சொன்னார். அவள் தகரப் பெட்டியோடு நின்றாள். போகும்போது ஒரே ஒரு தரம் ஜன்னல் வழியாக வகுப்பைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. நான் எழுந்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற முகம். நான் குனிந்து கணக்கு நோட்டில் கோடு போட்டேன். ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் போட்டு, தாள் கிழிந்தது.

பிறகு நான் ஆசிரியை ஆனேன். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். கடைசி ஆறு வருஷம் தலைமையாசிரியை. டி.சி.யில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பல வருஷம் நான் அதை அடியோடு மறந்து நன்றாகவே இருந்தேன்.

கிளார்க் மகளுக்கு எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இடது கால் கட்டை. கல்யாணம் தட்டித் தட்டிப் போய் நடக்கவே இல்லை. தியாகதுருகத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வோம். "அக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு தரம் சாப்பாட்டுப் பந்தியில், பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அந்த மலைக்காரி எங்க இருக்கிறாளோ, நல்லாவே இருக்கமாட்டா அக்கா." நான் அவள் இலைக்கு அப்பளம் போடச் சொன்னேன்.

இனிப் போன மாதக் கதைக்கு வருகிறேன்.

உங்களுக்குத் தடம் பார்த்துச் சொல்ல நானும் செயலாளரும் அவர் காரில் மலைக்குப் போனோம். இப்போது தார் ரோடு இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விட்டோம். மேட்டுத்தடம் மலைமேல் வந்து சேர்கிற இடத்தில் ஒரு வீடு. வாசலில் என் வயதுப் பெண்மணி ஒருவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் காரை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். "ஏம்மா, கீழே எறங்கிப் போற தடம் எது நல்லா இருக்கும்? ஓடைப் பக்கம் போலாங்களா?"

"ஓடைப் பக்கம் போவாதீங்க" என்றார் அவர், முறத்தை நிறுத்தாமல். "நான் சின்ன புள்ளையா இருக்கச்சொல்ல அந்த வழிய காட்டிப்புட்டு ஒரு பொண்ணுக்கு காலு போயிருச்சி. பள்ளிக்கூடத்துப் பொண்ணு. எம் புத்தி, அந்த மாதிரி காட்டிட்டேன்."

நான் செயலாளருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உமி பறந்து என் புடவையில் ஒட்டியது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். 

காரில் திரும்பும்போது செயலாளர் சொன்னார்: "பாத்தீங்களா மேடம், எவ்ளோ வெள்ளந்தி. எத்தனையோ வருஷத்துக்கு முந்தின தப்ப தன் வாயாலயே சொல்லுது. இந்தக் காலத்துல யாரு சொல்றா?"

ஆமாம் என்றேன்.

பத்து நாள் என்னால் நடைக்கு வர முடியவில்லை. முட்டி வலி என்று உங்களிடம் சொன்னேன். பதினோராம் நாள் பஸ் ஏறித் தனியாகப் போனேன். அதே வாசல். "நீங்க அன்னிக்கு கார்ல வந்தவங்கதான?" என்றார். நான் இன்னார் மகள் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "எச்செம் சாரு வூட்டுப் பொண்ணா? நீங்களா?" என் கையைப் பிடிக்க வந்தார். அதற்கு முன் நான் சொல்லிவிட்டேன். வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "இடப்பக்கம்னு சொன்னது நான். நீ வலப்பக்கம்னு சொன்னே. மேல மழை பெய்யுது, தண்ணி வரும்னு சொன்னே. நான் எங்கப்பாகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் உட்கார்ந்தார். 

"அப்ப நான் சொல்லலியா?" என்றார்.

"இல்லே."

"மேல மழைன்னு சொன்னனா?"

"சொன்னே. அண்ணாந்து பார்த்துச் சொன்னே."

"எனக்கு அதெல்லாம் நெனப்பில்ல. எங்கப்பா கேட்டாரு. மூணு நாளு கேட்டாரு, அடிச்சி கேட்டாரு. இல்ல இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். பெரியவங்க வூட்டுப் பொண்ணு எதுக்கு பொய் சொல்லப்போவுதுன்னாரு. நாலாம் நாளு ஆமான்னுட்டேன். ஆமான்னதும் அடிய வுட்டுட்டாரு. அப்பலேர்ந்து ஆமாதான். சொல்லி சொல்லி எனக்கே அப்டி ஆயிருச்சி." சாமையை விரலால் அளைந்துகொண்டே சொன்னார். "அதுக்கப்பறம் எங்கயும் என்ன முன்னாடி நடக்க வுடமாட்டாங்க. சந்தைக்குப் போனாலும் பின்னாடிதான். எங்க வூட்டுக்காரரு ரெண்டு வழியில எதுன்னு கேட்டா, நீயே பாத்துக்கன்னுடுவேன். எனக்கு வழி சொல்லத் தெரியாதுன்னே நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டார். நாற்பது வயது ஆள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார் என்னிடம்.

சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. மகன் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "இப்ப வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"உனக்கு ஒண்ணும் ஆவாது. நீ கேட்டுக்க" என்றார் அவர். பிறகு என்னிடம், "அந்தக் காலு போன பொண்ணு இருக்குதா?"

"இருக்கா. தியாகதுருகத்துல."

"அதுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லே."

"அங்க போய் சொல்லுங்க. நானு இத்தினி வருஷமும் அந்தப் பொண்ணுக்காகத்தான் சாமி கும்புட்டேன்." அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல அங்கே எனக்கு இடம் இருக்கவில்லை.

கிளார்க் மகளிடம் அடுத்த வாரம் போனேன். மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிவைத்திருந்த அறையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். தன்னைப் பின்னலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியது யார் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் யாரும் சொல்லாததால் ட்ரில் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். அழவில்லை. "அவள நான் வேண்டாத சாபமெல்லாம் வுட்டேனே" என்றாள். பிறகு, "என்ன அங்க கூட்டிக்கினு போ" என்றாள். வாழ்நாள் முழுக்க என்னை அக்கா என்றும் வாங்க என்றும் கூப்பிட்டவள்.

செயலாளரிடம் காரணம் சொல்லாமல் கார் கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவரே ஓட்டி வந்தார், வழியில் கேட்டபோது சொல்ல வேண்டியதாயிற்று. நீங்கள் இதைப் படிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டதற்கு அதுதான் காரணம். தடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே: மேட்டுத்தடம். நல்ல நிழல். ஆனால் போகும் முன் மேலே அந்த வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். நான் வரவில்லை.

அந்த வீட்டு வாசலில் கார் நின்றதும் நான் கதவில் கை வைத்தேன். பின்சீட்டிலிருந்து கிளார்க் மகள் சொன்னாள்: "நீ எறங்காத."

அவள் கோலை ஊன்றி இறங்கிப் போனாள். வீட்டிலிருந்து அவர் வெளியே வந்தார்.  பிறகு அவர் ஒரு சாக்கை விரித்து அவளை உட்காரவைத்து, தானும் கீழே உட்கார்ந்தார். கிளார்க் மகள் புடவையைக் கொஞ்சம் உயர்த்தி இடது காலை நீட்டினாள். அவர் அதைத் தன் மடியில் எடுத்து வைத்து, கோணலாகக் கூடிய இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

செயலாளர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே போயிற்று. நான் இறங்கவில்லை.